முதல் பரிசு பெற்ற இருமல் மருந்து

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல் உண்மையில் ஒரு பாட்டில் இருமல் மருந்துக்குக் கிடைத்தது. நாலு புத்தகம் போட்ட பிறகு, "எப்போது எழுத ஆரம்பித்தீர்கள்?" என்று யாராவது மேடையில் கேட்டால், "பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்குப் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தேன், முதல் பரிசு" என்று அடக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். மருந்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன்.

எண்பதுகளின் கடைசி, தாம்பரத்தில் பிளஸ் டூ. என் பெஞ்சில் உட்கார்ந்தவன் குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் வருவான். அவன் அப்பாவுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்டுவேர் கடை. அவனுக்குத் திக்குவாய். ஆங்கில வாத்தியார் தேடிப் பிடித்து அவனைத்தான் பாடம் படிக்க எழுப்புவார். முதல் சொல்லிலேயே அவன் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, "வண்டி ஸ்டார்ட் ஆகலையே, யாராவது இறங்கித் தள்ளுங்கப்பா" என்பார். வகுப்பு சிரிக்கும். நகைச்சுவையை ரசிப்பதில் நான் அப்போதே முன்வரிசை.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் கடும் இருமல் வந்தது. அந்த வாரம் எழுப்பியபோது ஒரு பக்கம் முழுவதும் படித்துவிட்டான். மெதுவாக, கண் பாதி செருகியபடி, ஆனால் எங்கும் தடங்கலில்லாமல். வாத்தியார் ஏமாற்றத்தோடு அடுத்தவனை எழுப்பினார்.

கொஞ்ச நாளில் போதை ஒழிப்புப் பேச்சுப் போட்டி அறிவித்தார்கள். "நான் பேசறேண்டா, நீ எழுதிக் குடு" என்றான். மாணவர்கள் போதைக்கு அடிமையாவதன் காரணங்களை விரல்விட்டு எண்ணும்படி எழுதினேன்: கூடா நட்பு, கவனிக்காத பெற்றோர், சினிமா, கைநிறையக் காசு, ஒழுக்கக் குறைவு. ஒரு கைக்கு ஐந்து விரல்தான் என்பதால் அத்தோடு விட்டேன். மேடையில் அவன் முழங்கினான். "இளைஞனே, உன் கையில் இருப்பது என்ன?" என்ற இடத்தில் தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் பேன்ட் பையில் இருந்தது என்ன என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பரிசாக எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். நல்ல தமிழ் நாக்கைச் சரிசெய்யும் என்று நான் ஒரு கொள்கையே வகுத்துக்கொண்டேன்.

பொதுத்தேர்வு நெருங்கிய சமயத்தில் அவன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. மெக்கானிக் மோட்டார் பெட்டியைத் திறந்தால், பின்னால் காலி இருமல் மருந்து பாட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவன் அப்பா எனக்கு ஆள் அனுப்பினார்.

"நீதானேப்பா அந்தப் பேச்சை எழுதினது? படிச்சு எழுதியிருக்கே. சொல்லு, பசங்க எதனால இப்படிப் பண்றாங்க?"

நான் பதற்றத்தில் வரிசையாக ஒப்பித்தேன். "கூடா நட்பு..."

"அவனுக்கு இருக்கிற ஒரே நட்பு நீதான்."

"கவனிக்காத பெற்றோர்" என்று அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அவன் அம்மா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். "நான்தாங்க முதல்ல வாங்கிக் குடுத்தேன். ராத்திரியெல்லாம் இருமினானேன்னு."

அவன் தரையைப் பார்த்தபடி இருந்தான். "கு... குடிச்சா வார்த்தை வருதுப்பா."

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். சில வாரம் வீட்டிலேயே வைத்திருந்து, தேர்வாவது எழுதட்டும் என்று மறுபடி பள்ளிக்கு அனுப்பினார்கள். கைகள் நடுங்கின, முகம் வற்றியிருந்தது. ஆங்கில வாத்தியார் சந்தோஷமாக, "வாங்க பேச்சாளரே, நாலு வரி படிங்க" என்றார். அவன் எழுந்தான். முதல் எழுத்தின் சத்தம்கூட வரவில்லை. உதடு மட்டும் துடித்தது. பரிசு வாங்கியவன் என்பதால் இந்த முறை சிரிப்பு பலமாகவே இருந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் தாம்பரம் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், யூனிஃபார்மோடு, நினைவில்லாமல் கிடந்தவனைப் போர்ட்டர்கள் தூக்கிவந்தார்கள். "அம்மாவுக்கு" என்று சொல்லி மருந்துக் கடை கடையாக அதே இருமல் மருந்தை வாங்கியிருக்கிறான். உயிர் தங்கியது. தேர்வு எழுதவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தேர்வும் எழுதவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவன் அப்பாவின் கடைக்குப் போனேன். கல்லாவில் அவன். மருந்திலிருந்த சர்க்கரைப் பாகு அரித்ததில் முன்பற்கள் போயிருந்தன. இரண்டு முறை விட்டு, இரண்டு முறை திரும்பப் பிடித்து, இப்போது விட்டிருப்பதாகச் சொன்னான். எழுத்தாளன் ஆகியிருந்த நான், போகும் வழியில் பஸ்ஸில் தயார் செய்துகொண்டு போனதைக் கனமான குரலில் ஆரம்பித்தேன். என் வார்த்தைகள்தான் அவனை அந்த மேடைக்கும் அந்த பாட்டிலுக்கும் தள்ளின, அந்தப் பாரம் என்னை இன்னும் விடவில்லை என்றேன்.

ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். திக்கித் திக்கி, ஆனால் அவசரமே இல்லாமல் சொன்னான்:

"அடப் போடா. உன் பே... பேச்சு சுமார்தான் மச்சான். ரொம்ப நீளம் வேற. பாதியா எழுதியிருந்தா அன்னிக்கு அரை பாட்டிலோட முடிஞ்சிருக்கும்."