கல்லைப் படம் பிடித்த ஞானையா

ஷார்ஜா ரோலாவில் அந்தக் காலத்தில் இருந்தவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஞானையாவா, அவன் ஃபோட்டோ கிறுக்குப் பிடித்து மலை இடுக்கில் போய்ச் செத்தான். கூட்டிக்கொண்டு போய்ச் சாக விட்டுவிட்டு வந்தவன் ஒரு மேலப்பாளையத்து டிரைவர். அந்த டிரைவர் நான்தான், செய்கு முகம்மது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினான்கு வருஷமாக இந்தப் பேச்சு என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. கல்யாண வீட்டில் விழுந்தது, ஏர்போர்ட்டில் விழுந்தது, என் மச்சான் வாயிலிருந்தே விழுந்தது. ஒருவனுக்கும் நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வழியில்லை. படம் எடுக்கப் போனோம், தண்ணீர் வந்தது என்று போலீஸ் ஸ்டேஷனில் முதலில் சொன்னவனே நான்தான். நான் சொன்ன பாதிக் கதை வளர்ந்து என்னையே கடித்தது.

போன ரமலானில் சவூதியிலுள்ள யான்புவில் நூஹு என்பவன் மவுத்தாகி, இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இந்தக் கதையில் நான் மறைத்தது அவன் பேரைத்தான். இனி முழுக்கதையைச் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஞானையா பெரியதாழைக்காரர். எழுபத்து நாலில் ஜெனரேட்டர் மெக்கானிக் விசாவில் வந்தார். ஒரே கம்பெனி, ஒரே ரூம், ரோலா ஆலமரத்துக்குப் பின்னால் இருந்த சந்தில். ஆறு பேர் படுக்கிற அறையில் என் கட்டிலுக்கு அடுத்தது அவர் கட்டில். ஓடுகிற மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு எந்த வால்வு கெட்டது என்று சொல்வார். மீன் குழம்பு வைத்தால் இரண்டு ரூம் தள்ளி இருப்பவனும் தட்டோடு வந்து நிற்பான். கடற்கரையில் பிறந்தவர், கடலில் மட்டும் கால் வைக்க மாட்டார். கார்னிஷ் என்கிற கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார்.

காலையில் எழுந்ததும் வாசலில் நின்று கன்னத்தை ஒரு பக்கமாகத் திருப்புவார். காற்று கன்னத்தில் படுவதை வைத்து அன்றைய வானத்தைச் சொல்லிவிடுவார். இன்றைக்கு மண் காற்று, இன்றைக்கு ஒன்றும் இல்லை. கட்டுமரம் ஓட்டிய பரம்பரை. தவறியதே கிடையாது. சைட்டுக்குப் போகிற ஃபோர்மேன்கூட, “ஞானையா, ஆஜ் கைசா?” என்று அன்றைய வானத்தைக் கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவான். நானும் அப்படியே நம்பினேன்.

வந்த மூன்றாவது மாதம் ஒரு யாஷிகா கேமரா வாங்கினார். அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ஆனால் ரூம்காரர்கள் யாருடைய காரிலோ சாய்ந்து நின்று, கறுப்புக் கண்ணாடி போட்டு, படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஞானையா தன்னை ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் வந்து கேட்டது இதுதான்.

“பாய், வெள்ளிக்கிழம வண்டி சும்மாத்தான நிக்கி? மலைப் பக்கம் போயிட்டு வருவமா?”

“மலையில என்ன வே இருக்கு?”

“இடுக்கு இருக்கு.”

தைது தாண்டி மஸாஃபிக்குப் போகிற வழியில் லேண்ட்ரோவரில் வைத்து விஷயத்தைச் சொன்னார். அவருடைய தம்பி யேசுராஜ், எழுபதாம் வருஷம் கள்ள லாஞ்சில் வந்தவன். கோர்ஃபக்கானுக்கு அந்தப் பக்கம் கழுத்தளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டினால் துபாய் என்று கையைக் காட்டிவிட்டு லாஞ்சு திரும்பிவிட்டது. யேசுராஜும் காயல்பட்டினத்து நூஹுவும் ஒன்றாக நடந்தார்கள். பாறையில் வெட்டி யேசுராஜின் கால் வீங்கிப்போனது. நூஹு மட்டும் துபாய் வந்து சேர்ந்தான். தம்பியை ஒரு மலை இடுக்கில் நிழலில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனதாகவும், திரும்பி வரும்போது வழி தப்பிவிட்டதாகவும் சொன்னான். பிறகு வேறொருத்தன் பாஸ்போர்ட்டில் சவூதிக்குப் போய் யான்பு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இடத்தைக் கண்ணால் பார்த்தால் அடையாளம் சொல்லிவிடுவேன் என்று ஞானையாவுக்குக் கடிதம் போட்டிருந்தான்.

“தம்பி வரமாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் வே லாஞ்சில பிடிச்சு ஏத்துனேன்” என்றார் ஞானையா.

ஊரில் யேசுராஜின் பெண்சாதி சுகிர்தராணி இருந்தாள். தாலியை வைத்துக்கொள்ளவும் முடியாமல் கழற்றவும் முடியாமல். குவைத்திலிருந்து லீவில் வந்த எவனோ ஒருத்தன், ஃபஹாஹீல் மார்க்கெட்டில் யேசுராஜை ஒரு கோவாக்காரியோடு பார்த்தேன் என்று அவளிடம் சொல்லி வைத்துவிட்டான். அவள் ஞானையாவுக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் அது நிஜமா என்ற கேள்வி மட்டும் இருக்கும். அவளுக்கு ஒரு பதில் வேண்டும். உயிரோடு இருந்தால் ஆள், இல்லையென்றால் எலும்பு. இதற்காகத்தான் கேமரா.

அந்த மலைகளுக்குள் வாதி என்று சொல்கிற வறண்ட ஓடைகள் போகும். போகப் போக ஒடுங்கும். சில இடத்தில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தொடும். மேலே பார்த்தால் வானம் ஒரு நாடா அகலம். வெயில் உச்சியில் நிற்கிற அரைமணி நேரம்தான் உள்ளே வெளிச்சம் இறங்கும். அதற்குள் படம் எடுக்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை எனக்குத் தப்பிக்கொண்டே போயிற்று. அது என் கணக்கில் தனி. கேமராவைக் கல் குவித்து அதன் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவார். என்னைச் சுவரோரம் நிற்க வைப்பார். ஆள் நின்றால்தான் உயரம் தெரியும், நூஹுவுக்குக் குழப்பம் வராது என்பார். ஆக எல்லாப் படத்திலும் நான் இருந்தேன்.

அந்தச் சுவர்களில் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், காய்ந்த சுள்ளியும் ஆட்டு முடியும் கொத்துக் கொத்தாகச் செருகிக் கிடக்கும். முதல் தரம் பார்த்தபோது ஏதோ பறவைக் கூடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டுடியோ வைத்திருந்த சேதுமாதவன் ரோலைக் கழுவிக் கொடுக்கும்போது சிரிப்பான். கல்லுக்குப் பொண்ணு பார்க்கிறீர்களா என்று கேட்பான். கிறுக்குப் பட்டத்தை ஆரம்பித்து வைத்தவன் அவன். ஞானையா ஒவ்வொரு படத்திலும் இரண்டு பிரதி போட்டு, பின்னால் நம்பர் எழுதி, ஒன்றை யான்புவுக்கு அனுப்புவார். மூன்று வாரத்தில் அந்தப் படம் திரும்பி வரும். பின்னால் ‘இது இல்லை. நூஹு’ என்று இருக்கும். இரண்டு வருஷத்தில் இருபத்தாறு படம் போய், இருபத்தாறும் அப்படியே திரும்பி வந்தன.

இருபத்தேழாவது படம் எழுபத்தாறு நவம்பரில் எடுத்தது. மஸாஃபிக்கு வடக்கே ஓர் இடுக்கு. அதில் மேலேயிருந்து விழுந்த ஒரு பெரிய பாறை இரண்டு சுவருக்கும் நடுவில் இறுகிப்போய் அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே நடந்தபோது எனக்குப் பிடரி கூசியது. அன்றைக்கு வெளிச்சம் போய்விட்டதால் படம் எடுத்ததோடு திரும்பிவிட்டோம்.

அந்தப் படம் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் பார்த்தார். தபால் தொலைந்திருக்கும் என்று நான் சொன்னேன். இருபத்தெட்டாவது படத்தை அனுப்பினார். அது சரியாக மூன்று வாரத்தில் வந்தது, பின்னால் அதே எழுத்து. ஞானையா எல்லாப் படத்தையும் கட்டிலில் வரிசையாக அடுக்கினார். ஒரு படம் வைக்கிற அளவுக்கு நடுவில் இடம் விட்டிருந்தார்.

“இருபத்தேழு எங்க வே?” என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு படத்துக்குப் பின்னால் மட்டும் ‘இது இல்லை’ என்று எழுத நூஹுவுக்குக் கை வரவில்லை. அவருக்கு அதற்கு முன்னாலேயே புரிந்திருந்தது.

எழுபத்தேழு பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. ரோலா வாசலில் நின்று கன்னத்தைத் திருப்பினார். வடக்கத்திக் காற்று, ஒரு சொட்டு விழாது என்றார். நாங்கள் வாதியின் வாய்க்கு வந்தபோது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கிழக்கே வெகு தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கம், மைப்பொட்டு அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது.

வாதி வாயில் மக்தூம் என்ற கிழவர் ஆடு வைத்திருந்தார். நாங்கள் போகும்போதெல்லாம் காவா, அரபிக் காப்பி, ஊற்றிக் கொடுப்பவர். அன்றைக்குக் காவா இல்லை. ஆடுகளை எல்லாம் கரை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார், குட்டிகளைக்கூட. தூரத்து மலையைக் காட்டி, பிறகு வாதித் தரையைக் காட்டி, உள்ளங்கையால் துடைத்துவிடுகிற மாதிரி சைகை செய்தார். “மாஃபி ரூஹ்” என்றார். போகாதே என்று அர்த்தம். ஞானையாவிடம் சொன்னேன்.

“மழ எங்கயோ பெய்யுது. காத்து இங்க வரல. நமக்கென்ன?”

கடல்காரர், அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. கடலில் மழை தலைக்கு மேல்தான் வரும். நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன். பாபநாசம் மலையில் பெய்தால் ஊரில் வெயில் அடிக்கும்போதே ஆறு கரை தொட்டு வரும் என்று சின்ன வயசிலிருந்து பார்த்தவன். எனக்கு அது அன்றைக்கு நினைவு வந்ததா என்று கேட்டால், வந்தது. இரண்டு வருஷம் தேடியவரை வாசலில் வைத்துத் தடுக்க நாக்கு எழவில்லை. ஒரு அரைமணி நேரம்தானே என்று நினைத்தேன். கயிற்றைக்கூட வண்டியிலேயே போட்டுவிட்டு இறங்கினோம்.

உள்ளே காற்றே இல்லை. எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தது. சிக்கிய பாறைக்கு அடியில், ஒருத்தர் தோளில் ஒருத்தர் நின்றால் எட்டுகிற உயரத்தில், ஒரு திட்டு இருந்தது. போன தரம் இருட்டில் பார்க்கவில்லை. சுவரிலிருந்த சுள்ளிக் கோடு அந்தத் திட்டுக்கு ஒரு முழம் கீழே ஓடியது. ஞானையா என் தோளில் ஏறி உள்ளே போனார். பிறகு கேமரா இரண்டு மூன்று தரம் சொடுக்கிற சத்தம் கேட்டது. இறங்கி வந்து சொன்னார்.

“நீளமா கல்லு அடுக்கியிருக்கு. தலமாட்டுல ஒரு கல்லு நட்டமா, கால்மாட்டுல ஒண்ணு. தலக்கல்லுல அவன் செபமால தொங்குது.”

தலைமாட்டில் நடுகிற அந்தக் கல்லுக்கு எங்களில் மீஸான் என்று பேர். அடக்கம் செய்கிற ஒவ்வொரு கபருக்கும் வைப்போம். யேசுராஜுக்கு அதை வைத்தவன் நூஹுவைத் தவிர வேறு யார்? வழி தப்பிப்போனதெல்லாம் பொய். உயிர் இருக்கும்போதே தோளில் ஏற்றித் திட்டில் சேர்த்து, கூடவே இருந்து, மூச்சுப் போனபிறகு, தனக்குத் தெரிந்த முறையில் அடக்கிவிட்டு, அவன் மாலையை அவன் தலைமாட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கள்ளத்தனமாக வந்தவன் ஒரு பிணத்தைக் காட்டிக்கொடுத்தால் என்ன கேள்வி வரும் என்ற பயம். இதை ஞானையாவுக்குச் சொன்னேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “தனியா விடல” என்றார். இரண்டு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் கழித்து, “நீரு ஒரு தரம் ஏறி ஓதிட்டு வாரும் பாய். நூஹு ஆரம்பிச்சத நீரு முடிச்சு வையும்” என்றார். குனிந்து தோளைக் கொடுத்தார். ஏறினேன். கபருக்கு முன்னால் நின்று ஃபாத்திஹா ஓதினேன். கீழே அவர் பாறையும் திட்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாதி ஓதும்போது சுவர் அதிர்ந்தது. லாரி வருகிற மாதிரி ஒரு சத்தம், லாரி வர முடியாத இடத்தில்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று பொழுது சாயும் வரை நான் அந்தக் கபருக்குப் பக்கத்தில் கிடந்தேன். தண்ணீர் சுள்ளிக் கோட்டுக்கு மேலே வந்து, திட்டின் விளிம்பை நனைத்துவிட்டு இறங்கியது. எங்கள் மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை. அவர் சொன்னது அந்த அளவுக்குச் சரி. மூன்றாம் நாள் வாதி வாய்க்குக் கீழே, சரளையில், மக்தூம்தான் ஞானையாவைக் கண்டெடுத்தார். ரோலை நான் சேதுமாதவனிடம் கொடுக்கவில்லை. லீவில் ஊருக்குக் கொண்டுபோய்ப் பாளையங்கோட்டையில் கழுவி, சுகிர்தராணி கையிலேயே கொடுத்தேன். அவள் அழவில்லை. கபரின் படத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் என்னுடையது இல்லை.

சத்தம் கேட்டதும் நான் விளிம்பில் குப்புறப் படுத்துத் தலைத்துண்டைக் கீழே விட்டேன். முதலில் வந்தது தண்ணீர்கூட இல்லை. நுரையும் ஆட்டுப் புழுக்கையும் சுள்ளியும். அவர் முழங்காலைத் தொட்டது. துண்டைப் பிடியும் வே என்று கத்தினேன். அவர் துண்டின் நுனியில் கேமரா வாரை முடிந்தார். இழுக்கச் சொன்னார். இழுத்து, அவிழ்த்து, மறுபடி துண்டை விட்டேன். அதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது, உள்ளே கல் உருளுகிற சத்தம். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையைத் துண்டுக்கு நீட்டாமல், என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

“நூஹு பேரு எங்கயும் வரவேண்டாம் பாய். கல்லு அடுக்குனது யாருன்னு அவ கேட்டா, நான் அடுக்குனேன்னு சொல்லும்.”