கோயில் வெப்சைட்டின் சாவிக்கொத்து

வெப்சைட் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஹேக்கரைக்கூடச் சமாளித்துவிடலாம். பாஸ்வேர்டை ஊருக்கே தானம் பண்ணும் நல்லவர்களிடம்தான் உயிர் போகும். இதே பிழைப்பில் கிடக்கும் சகபாவிகளே, ஆமாம்தானே?

நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து வெப்சைட் பார்க்கிறேன். அதில் ஒன்று கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு முருகன் கோயிலுடையது. என் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் போகிற கோயில். அங்கே நான் சொதப்பினால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.

ஒட்டிவைத்த ரகசியம்

திருவிழாப் படங்களைக் கோயில்காரர்களே ஏற்றட்டும் என்று, எனக்கு முன்னால் இருந்தவர் ஃபைல் ஏற்றும் பழைய எஃப்டிபி வழியைத் திறந்துவைத்திருந்தார். அதில் பாஸ்வேர்டு தபால் அட்டை மாதிரி போகும், வழியில் யாரும் படிக்கலாம். மாற்றலாம் என்று சொல்லப் போனேன். ஆபீஸ் நோட்டீஸ் போர்டில், அர்ச்சனை நேரத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில் அதே பாஸ்வேர்டு: வேல்வேல்123. "இப்படியா ஒட்டுவீங்க?" என்று செயலாளர் செல்வம் அண்ணனைக் கேட்டேன்.

"கோயில்ல ஒட்டுனதை எவன் திருடுவான் தங்கச்சி?"

யாருடைய உபயம்?

திருடினான். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பால்குடத்துக்குப் பதிய வந்தவர்களுக்கு முருகனுக்குப் பதில் சூதாட்ட விளம்பரம் தரிசனம் தந்தது. காய்கறி வாங்கப் பாசாரில் தலைகாட்ட முடியவில்லை என்று அம்மா என்னைக் காய்ச்சி எடுத்தார். இன்னொரு தடவை ஆனால் வேறு ஆள் பார்ப்போம் என்றது கமிட்டி. இத்தனைக்கும், அதை முதலில் பார்த்த செல்வம் அண்ணன் போன் பண்ணி ரொம்பப் பவ்யமாகக் கேட்டது இதுதான்:

"தங்கச்சி, நம்ம பேஜ்ல சீட்டுக்கட்டு ஓடுதே, அது யாரோட உபயம் லா?"

நாற்பத்து மூன்று சாவி

எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, எஃப்டிபியை இழுத்து மூடிவிட்டு எஸ்எஃப்டிபி போட்டேன். போகிற வழி முழுக்கப் பூட்டு. பாஸ்வேர்டுக்குப் பதில் கம்ப்யூட்டரில் ஒரு சாவி ஃபைல். படத்தை இழுத்துப் போட்டால் ஏறிவிடும். செல்வம் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்துப்போன வேகத்தில் அந்தச் சாவியைக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டார். நாற்பத்து மூன்று பேர்! அதில் பாதிப் பேர் கும்பிடு வேறு போட்டிருந்தார்கள். அடப் பாவி மனுஷா என்று ஓடினேன்.

"எல்லார்கிட்டயும் இருந்தா தொலையாது இல்ல?"

கருவறைச் சாவி

கோபத்தில் கேட்டுவிட்டேன்: "கருவறைச் சாவியையும் நாப்பத்து மூணு பேருக்கு டூப்ளிகேட் அடிச்சுக் குடுப்பீங்களா அண்ணே?" அவர் முகம் மாறிவிட்டது, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றே அந்தச் சாவியைச் செல்லாமல் ஆக்கினேன். செல்வம் அண்ணனையும் சேர்த்து, படம் ஏற்றும் மூன்று பேருக்கு மட்டும் தனித்தனிச் சாவி, படங்கள் ஃபோல்டரைத் தாண்டி எதையும் திறக்காத சாவி. தைப்பூசம் நல்லபடியாக முடிந்தது. எனக்குச் சோறும் கிடைத்தது.

அப்புறம் கமிட்டித் தேர்தல். செல்வம் அண்ணன் தோற்றுப்போனார். மறுநாள் காலையிலேயே ஃபெரி பிடித்து என் ஆபீசுக்கு வந்து நின்றார். பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"என் சாவியைச் செல்லாம ஆக்கிடு தங்கச்சி. புதுச் செயலாளருக்குப் புதுசா போட்டுக் குடு. ஆனா பாத்துக்க, அவன் குரூப்புல போட்டுடுவான் லா!"

ஆக, ஃபைல் ஏற்றப் பாதுகாப்பான வழி எது என்று என்னைக் கேட்டால் எஸ்எஃப்டிபி என்பேன். அதைவிடப் பாதுகாப்பு, தேர்தலில் தோற்ற செயலாளர்.