ஏழாம் நம்பர் சொன்ன பதில்

இந்தக் காலத்தில் எதிரே நிற்கிற மனுஷன் சொன்னால் ஒருத்தனும் நம்புவதில்லை. திரையில் ஒரு எண் வந்தால் போதும், தலையாட்டுகிறார்கள். எனக்கு அந்த எண்ணிலும் நம்பிக்கை இல்லை, பேயிலும் இல்லை. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நான் ஃபிட்டர். எங்கள் ஷெட்டில் தகடு அழுத்துகிற பன்னிரண்டு பிரஸ் மெஷின்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பி வேலி, வேலி வாசலில் ஆள் எண்ணுகிற கண். எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரோடு பேச வைக்கப் புது சாஃப்ட்வேர் வாங்கினார்கள். அதன் வேகத்தைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள். "தயாரா? உள்ளே எத்தனை பேர்?" என்று கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி கேட்கும். பதில் வர எத்தனை நேரம் என்பதுதான் சோதனை. 3.40-க்கு, பதில் சொன்ன மெஷினுக்கெல்லாம் 'ஓடு' என்று தானாக உத்தரவு போகும்.

ஏழாம் நம்பர் மட்டும் சேர்த்தி இல்லை. அதற்குள் என் தம்பி பேரிங் மாற்றிக்கொண்டிருந்தான். அதன் மெயின் ஸ்விட்சை அணைத்து நானே பூட்டியிருந்தேன்.

3.31.

"ஐயா, ஏழு பதில் சொல்லுது."

"சொல்லாதும்மா. அது செத்துக் கிடக்கு."

"மத்ததுக்கு நாற்பது மில்லிசெகண்ட் ஆகுது. இதுக்குப் பூஜ்யம்... கேட்கிறதுக்கு முன்னாடியே பதில் வந்து நிக்குது."

பார்த்தேன். ஏழு: தயார். உள்ளே ஆள்: 2.

"என் தம்பி ஒருத்தன்தானே உள்ளே?"

"பழைய பதில் எங்கேயாவது தங்கியிருக்கும். கரண்ட்டே இல்லாம எப்படி ஓடும்?"

"கரண்ட்டே இல்லாம எப்படிம்மா பேசுது? நிறுத்து அதை!"

பட்டனைத் தட்டினாள். எண்கள் நிற்கவில்லை.

3.37. ஓடினேன். ஸ்விட்சில் பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே டார்ச் வெளிச்சம். டக்... டக்... ஸ்பானர் சத்தம்.

"டேய், வெளியே வா!"

"இன்னும் ரெண்டு போல்ட்டுதாண்ணே..."

வேலி வாசலுக்கு வெளியே நின்றபடியே காலைப் பிடித்து இழுத்தேன். திட்டிக்கொண்டே வந்தான். இரண்டு கையிலும் ஸ்பானர்.

வெளிச்சம் உள்ளேயே இருந்தது. அந்தரத்தில்... அசையாமல்.

"டார்ச்சை எதுல மாட்டி வச்சே?"

தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீதானே பக்கத்துல உட்கார்ந்து பிடிச்சிட்டிருந்தே?"

3.40.

பதினொரு மெஷின்கள் இரைந்தன.

ஏழு அசையவில்லை.

வெளிச்சம் அணைந்தது...

கம்ப்யூட்டரை ஓடவிட்டபடியே அந்தப் பெண் நாலு மணிக்குக் கிளம்பிவிட்டாள். நாங்கள் இருவரும் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போனோம்.

திங்கட்கிழமை அவள் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். ஏழாம் நம்பர் வரியில், 3.39 வரை 2. பிறகு 1. சாயங்காலம் 5.10-க்கு 0.

"பழைய பதில்தான் பெரியவரே, சாஃப்ட்வேர் பிழை," என்றார் மேனேஜர்.

நேரே கேட்டுக்குப் போய் வாட்ச்மேன் நோட்டைப் புரட்டினேன். ஞாயிறு, 5.10. வெளியே போனவர்கள்: மூன்று.

"மூணாவது யாருய்யா?"

"என்னைக் கேட்டா? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதானே வந்தாரு."

பழைய பதிலாம்! நான் நம்பவில்லை. பேய் என்றாலும் நம்ப மாட்டேன். நோட்டை அவன் மேசையில் போட்டுவிட்டு நடந்தேன்.