கலியம்மாள் எடை போட்ட ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள்

கலியம்மாள் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறியவர். அதனால்தானோ என்னவோ, எண்களை மிக அழகாக எழுதுவார். அவர் போடும் எட்டில் இரண்டு வளையமும் ஒரே அளவில் இருக்கும். எழுதிய எண்ணை அடித்துத் திருத்தி நான் பார்த்ததில்லை. 1983இல் வெளிநாட்டுப் பணத்தில் எங்கள் ஊரில் குழந்தைகள் மையம் திறந்தபோது, விண்ணப்பத்தின் கையெழுத்தைப் பார்த்தே தனக்கு வேலை கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்வார். எனக்கு அங்கே மாவு வறுத்து உருண்டை பிடிக்கிற வேலை. அதற்குக் கையெழுத்து தேவைப்படவில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ், ரோட்டோரம் ஒரு நிமிஷம் நின்று போகும் ஊர் எங்களுடையது. ஒரு ஓட்டு வீட்டின் முன்னறைதான் மையம். விட்டத்தில் கொக்கி, கொக்கியில் கடிகாரம் மாதிரி முகமுள்ள தராசு, அதற்கு அடியில் பிள்ளையை உட்கார வைக்கும் தூளி. பிள்ளைக்கு ஒரு அட்டை. அட்டையில் வயசு ஏற ஏற மேலே போகும் ஒரு சிவப்புக் கோடு. எடை கோட்டுக்குக் கீழே இருந்தால் தொண்ணூறு நாளைக்குத் தினம் இரண்டு சத்துமாவு உருண்டை. மேலே இருந்தால் கிடையாது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் எது எந்தப் பிள்ளையை வளர்த்தது என்று அளக்க முடியாமல் போய்விடும் என்று அரங்கநாதன் சார் எங்களுக்கு விளக்கினார். அவர் பெரம்பலூர் ஆபீசிலிருந்து மாதம் ஒருமுறை பஸ்ஸில் வரும் மேலதிகாரி.

தராசு வந்த அன்று கலியம்மாள் ஒத்திகைக்காக நான்கு பிள்ளைகளைத் தூளியில் தொங்கவிட்டு, எடையைத் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று பெற்றவளே வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஊர் இது. மறுநாள் நான்கில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். நாலு பேர் பார்க்கப் பிள்ளையை அந்தரத்தில் தொங்கவிட்டு, கிலோக்கணக்கில் கூவினால் கண் படாமல் என்ன செய்யும் என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். கண்ணுக்கு இரும்புதான் மருந்து.

இரும்புக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. கலியம்மாளின் கணவர் கருப்பண்ணன் ஒரு சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தார். கல்லை அரைக்கும் பெரிய உருளைக்குள் போடுகிற இரும்புக் குண்டுகள், தேய்ந்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தபின் குப்பையில் கிடக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் இரண்டொன்று கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. பொதுவாகவே அவர் அதிகம் பேசமாட்டார். பேச்சை மனைவி பார்த்துக்கொண்டார்.

சுத்தத்துக்காக, தூளியில் விரிக்க அவரவர் துணியை அவரவர் கொண்டுவர வேண்டும் என்று கலியம்மாள் உத்தரவு போட்டிருந்தார். அது வசதியாகப் போயிற்று. பழைய சேலைத் துணியின் மூலையில் குண்டை முடிந்து, அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்தார்கள். எடை போட்டபின் துணியை மடித்துக் கொடுப்பது என் வேலை. முடிச்சின் கனம் என் கைக்குத் தெரியும். வெளிநாட்டுத் தராசு, இதையெல்லாம் அதுவே கழித்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளில் கோட்டுக்குக் கீழே ஆறு பேர்தான். மற்ற ஊர்களில் இருபது, இருபத்தைந்து. மாதாமாதம் எங்கள் ஊர் முதலிடம். கலியம்மாளை மேற்பார்வையாளராக்கப் பேச்சு நடப்பதாக அரங்கநாதன் சார் சொன்னார். அன்று முதல் கலியம்மாள், திருவிழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த வாயில் சேலையை மையத்துக்கே கட்டிக்கொண்டு வந்தார்.

இந்தப் பெருமையில் ஒட்டாமல் இருந்தது பொன்னாயி ஒருத்திதான். களை எடுக்கப் போகிறவள். அவள் மகள் காத்தாயிக்குப் பதினாலு மாதம், இன்னும் எழுந்து நிற்கவில்லை, உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த வயசுக்குக் கோடு ஏழு கிலோவில் இருந்தது. தராசு ஏழு கிலோ நூறு காட்டியது. உருண்டை கிடையாது. மூன்று மாதமாகப் பொன்னாயி அந்த நூறு கிராமோடு மல்லுக்கு நின்றாள்.

“தூக்கிப் பாருங்கக்கா. காத்து மாதிரி இருக்கு.”

“என் கை சொல்றதை அட்டையில எழுத முடியாதுடி. தராசு சொல்றதைத்தான் எழுதணும்.”

“தராசா பெத்துச்சு?”

கலியம்மாள் ஏழு கிலோ நூறு என்று அழகாக எழுதினார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏன் இப்படித் தேறியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, அடுத்த வருஷம் தை மாதத்தில் ஒரு வெளிநாட்டு அம்மா வந்தார். முன்னேற்றத்துக்குக் காரணம் தெரிந்தால் அதையே மற்ற நாடுகளிலும் செய்யலாமாம். கையில் தடித்த கேள்விப் புத்தகம். அரங்கநாதன் சார் தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொன்னார். வீட்டில் ரேடியோ இருக்கிறதா, தாய் எத்தனை வகுப்பு, பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம், கிணறு யாருடையது என்று வெயில் ஏறும்வரை கேட்டார்கள். பொன்னாயியின் முறை வந்ததும் அவள் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு உருண்டை கிடைக்குமா என்று அந்தம்மாவைக் கேட்கச் சொன்னாள். சார் என்ன மொழிபெயர்த்தாரோ, அந்தம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கைகூப்பினார்.

பிறகு எடை போடுவதைப் படம் பிடிக்க வேண்டும் என்றார். பொன்னாயிதான் பக்கத்தில் நின்றாள். அழுக்குத் துணி படத்தில் விழ வேண்டாம் என்று சார் அவசரமாகத் துணியை உருவினார். முடிச்சு அவிழ்ந்து குண்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு போய் அந்தம்மாவின் செருப்பில் முட்டி நின்றது. அவர் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்து ஏதோ கேட்டார். சார் யோசிக்காமல் ஏதோ பதில் சொன்னார். அந்தம்மா தலையாட்டிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

“விளையாட்டுச் சாமான்னு சொல்லி வச்சிருக்கேன்” என்று சார் எங்கள் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்.

கார் போனபின் கலியம்மாள் அந்தக் குண்டைப் பார்த்தபடியே நின்றார். அவர் வீட்டு அடுப்படியில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பதும் அதே மாதிரிக் குண்டுதான். அதைத் தூளியில் தனியாக வைத்தார். முள் கால் கிலோவைத் தாண்டி நின்றது.

“எல்லாருமா வைக்கிறீங்க?”

“வைக்காம? நீங்க அந்தக் கூவு கூவுறீங்க” என்றாள் பொன்னாயி. “இரும்பு கண்ணுக்குத்தானக்கா. எடைக்கா?”

கலியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வறுத்த மாவை மறுபடியும் சலித்தேன்.

காத்தாயியைத் துணி இல்லாமல் வைக்கச் சொன்னபோது பொன்னாயி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். உருண்டைக்கு மூன்று மாதம் சண்டை போட்டவள் இப்போது காய்ச்சலுக்குப் பயந்தாள். கடைசியில் குண்டு முடிந்த துணியை வாசல் ஆணியில் மாட்டுவது, எடையை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் ஆயிற்று. முள் ஆறு கிலோ எண்ணூறில் நின்றது. கலியம்மாள் சத்தமில்லாமல் விரலால் காட்டினார். அன்றே இரண்டு உருண்டை கொடுத்தேன். காத்தாயி ஒன்றைத் தின்றது, ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டது.

வெளிநாட்டம்மாவைப் பெரம்பலூரில் விட்டுவிட்டு வந்த அரங்கநாதன் சாருக்கு விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு பிள்ளையின் எடையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வயிற்றுப்போக்கு என்று எழுதினால் போயிற்று, மற்றவற்றை அறிக்கை வரும்வரை தொட வேண்டாம் என்றார். மேற்பார்வையாளர் வேலையையும் நினைவுபடுத்தினார்.

“ஒரு அட்டை சரி, ஐம்பத்தேழு அட்டை தப்புன்னு எப்படி சார் ஒரே கட்டா கட்டி வைக்கறது?” என்றார் கலியம்மாள்.

“ஊரே உன்னைப் பாத்து சிரிக்கும்மா.”

“சிரிக்கட்டும் சார். ஊரு வச்ச இரும்புதானே.”

இதை நியாய உணர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். அவரால் ஒரு தப்பான எண்ணோடு ஒரே அறையில் இருக்க முடியாது, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஐம்பத்தெட்டுப் பேரையும் வெறும் தூளியில் எடை போட்டார். வாசல் ஆணி தாங்காமல் பிடுங்கிக்கொண்டது, இன்னும் இரண்டு அடித்தோம். கோட்டுக்குக் கீழே இருபத்தொரு பேர். பழைய எண்களை அடிக்கவில்லை. அவற்றுக்குப் பக்கத்திலேயே புதிய எண்களைப் போட்டார். அட்டைகளில் ஏறிக்கொண்டிருந்த கோடெல்லாம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. நடந்ததை இரண்டு பக்கத்துக்கு எழுதி ஆபீசுக்கு அனுப்பினார். கிடைத்தது என்று முத்திரை குத்திய துண்டுச்சீட்டு ஒன்று திரும்பி வந்தது.

ஆபீசில் எண் குறைந்ததற்கு ஒரு காரணம் எழுதியாக வேண்டும். அரங்கநாதன் சார் மழை பொய்த்தது என்று எழுதினார். அந்த வருஷம் ஏரி நிரம்பி வழிந்தது. வெளிநாட்டம்மாவின் பட்டியல் ஆறு மாதம் கழித்துத் தமிழில் வந்தது. எங்கள் ஊர் முன்னேற்றத்துக்குக் காரணங்கள் என்று தாயின் படிப்பு, பஸ் வசதி, ரேடியோ, மையத்தில் உள்ள விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. கலியம்மாள் அதைச் சுவரில் ஒட்டச் சொன்ன உத்தரவுப்படி ஒட்டினார். மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. வாயில் சேலை திருவிழாக்களுக்குத் திரும்பியது.

இருபத்தொரு பிள்ளைகளுக்கு மாவு பிடித்து என் உள்ளங்கை தோலுரிந்தது. பொன்னாயி வேலைக்குப் போகும் வழியில் காத்தாயியை மையத்தில் இறக்கிவிட்டுப் போவாள். நாற்பதாம் நாள் அது சுவரைப் பிடித்து எழுந்து நின்றது. தொண்ணூறு முடிவதற்குள் உருண்டைத் தட்டைத் தேடி நடந்து வந்தது. கோட்டைத் தாண்டியதும் பெயரை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் வந்து நிற்கும், நானும் மாவு குறைவதை யாருக்கும் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாக மேலே ஏறினார்கள். 1986 பங்குனியில் கோட்டுக்குக் கீழே ஆறு பேர்தான் மிச்சம். இது வெறும் தூளி எடை.

திட்டம் முடிந்த கணக்கோடு அரங்கநாதன் சார் சித்திரை வெயிலில் வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டுக் காகிதத்தைக் கலியம்மாளிடம் கொடுத்தார். தொடக்கத்தில் ஆறு, முடிவில் ஆறு. மாற்றம் இல்லை. முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும்தான் பார்ப்பார்களாம், நடுவில் உள்ளது கணக்கில் வராதாம். மாவினால் பயன் காணாத ஊர்களில் மையத்தை மூடி, தராசை வேறு ஊருக்குக் கொண்டுபோக உத்தரவு. சார் இதைச் சொல்லும்போது கலியம்மாளின் முகத்தைப் பார்க்காமல் கொக்கியைப் பார்த்துச் சொன்னார்.

கலியம்மாள் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு தாமே முக்காலியில் ஏறித் தராசைக் கழற்றினார்.

களத்து மேட்டிலிருந்து வந்த பொன்னாயி தராசு தரையில் இருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டாள்.

“நம்ம ஊர்ல ஒண்ணுமே மாறலையாம். எழுதி அனுப்பியிருக்காங்க.”

பொன்னாயி வாசலைப் பார்த்தாள். காத்தாயி சாரின் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப அந்தக் கழுதை யாரு, சார்?”

குடை ஆபீஸ் குடை. பஸ் வருகிற நேரம் வேறு. சார் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். காத்தாயி ஏரிக்கரையில் ஏறி, புளியமரத்தைச் சுற்றி, மறுபடியும் இறங்கியது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு குடையோடு திரும்பியபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கலியம்மாள் அவருக்கு மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த மாவை உருண்டை பிடிக்கச் சொன்னார். எத்தனை பேருக்கு என்று கேட்டேன். வந்தவர்களுக்கெல்லாம் என்றார்.