பறக்க மறுத்தவள்

ஐம்பத்தொரு வயதில் எனக்கு எட்டடி உயரம் வாய்த்தது. மார்பு பீரோ அளவுக்கு இருந்தது. முதுகில் ஆரஞ்சு நிற அங்கி படபடத்தது. நிஜத்தில் நான் ஐந்தடி நான்கு அங்குலம். கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் ஒரு கிளை நூலகத்துக்குப் பொறுப்பு. மேல் அலமாரிப் புத்தகம் வேண்டுமென்றால் முதலில் ஸ்டூலைப் போட வேண்டும், பிறகு முழங்காலைச் சமாதானப்படுத்த வேண்டும்.

கொரோனா ஊரடங்கில் நூலகம் பூட்டிக் கிடந்தது. பூட்டாத நாட்களிலும் கூட்டம் பெரிதாக வேறுபட்டதில்லை என்பது வேறு விஷயம். கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த மகள் மலைக்குத் திரும்பி வந்தாள். நான் ஒரே புத்தகத்தை மூன்றாம் முறை படிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தாள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் சாகச வீரர்களாக ஒரே நகரத்துக்குள் நுழைந்து, கூட்டுச் சேர்ந்து கெட்டவர்களை அடிக்கும் ஆட்டம். பழைய ஆட்டம்தான். எங்கள் கம்ப்யூட்டரின் வயதுக்குப் பொருத்தம்.

அந்த ஆட்டத்தில் வீரரை நாமேதான் உருவாக்க வேண்டும். உயரம், தோள், தாடை, மூக்கு என்று ஒவ்வொன்றையும் கூட்டலாம், குறைக்கலாம். நான் எல்லாவற்றையும் கூட்டினேன். காபி கொண்டுவந்த மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

“இது யாருங்க?”

“நான்தான்.”

“தொப்பை எங்க போச்சுங்க?”

“அதுக்கு ஒரு பட்டன் இருக்குது. கொறச்சுட்டேன்.”

“அதான பாத்தேன். நெசத்துல அப்பிடியொரு பட்டன் இருந்தா நீங்க அமுக்கி அமுக்கித் தேச்சிருப்பீங்க.”

இரண்டு நாள் இப்படிக் கேலி பேசியவள், மூன்றாம் நாள் மகளின் பழைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, தனக்கும் ஒரு வீராங்கனையைச் செய்ய உட்கார்ந்தாள். நான் அரைமணியில் முடித்த வேலை அவளுக்கு மூன்று மாலைகள் பிடித்தது. உயரத்தை அந்த ஆட்டம் அனுமதிக்கும் கடைசி அளவுக்குக் குறைத்தாள். கண்ணாடி போட்டாள். கொண்டை வைத்தாள். உடம்பை ஒட்டிய உடுப்புகளைப் பார்த்து, “கருமம்” என்று சொல்லிவிட்டு, தேடித் தேடி முழுக்கை வைத்த மாம்பழ மஞ்சள் உடுப்பையும், அதற்கு அரக்கு நிறக் கரையையும் கண்டுபிடித்தாள். தலையில் நரையையும் சேர்த்தாள்.

“அம்மா, இது சூப்பர் ஹீரோ. நீ ரேஷன் கடைக்குப் போற மாதிரி பண்ணி வெச்சிருக்கே” என்றாள் மகள்.

“ரேஷன் கடைக்குப் போயி சக்கரையோட திரும்பி வாரதும் சாகசந்தான் கண்ணு.”

சக்தி என்று வந்தபோது, காயம்பட்டவர்களைக் குணப்படுத்தும் சக்தியை எடுத்துக்கொண்டாள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் சில லெவல் தாண்டிய பிறகு வந்தது. பறக்கும் சக்தியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆட்டம் சொன்னது. அதற்காகத்தான் எல்லோரும் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவார்கள். இவள் மறுத்துவிட்டாள்.

“வேண்டாமுங்க. மலப்பாதையில எழுபது வளைவுக்கே கொடலு வெளிய வருது. பறக்கறது வேறயா?”

அவள் மலையடிவாரத்துக் காரவள்ளிக்குக் கீழே சமவெளியில் பிறந்தவள். கடலைக்காடும் கிணறுமாக நேர்கோட்டில் வாழ்ந்த குடும்பம். என்னைக் கட்டிக்கொண்டு மலையேறிய பிறகு, தாய்வீட்டுக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் பஸ்ஸின் முன்சீட்டில், கையில் எலுமிச்சம்பழமும் மடியில் கவருமாக, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருபத்தைந்து வருடத்திலும் அந்தப் பாதை அவளுக்குப் பழகவில்லை. கம்ப்யூட்டர் திரையில் பறந்தாலும் தலை சுற்றும் என்று உறுதியாக நம்பினாள். பறப்பதற்குப் பதிலாக வேகமாக ஓடும் சக்தியை வாங்கிக்கொண்டாள்.

அதனால் எங்கள் குழுவில் நான்கு பேர் கட்டடங்களுக்கு மேலே பறந்துபோக, அவள் மட்டும் கீழே சாலையில் ஓடி வருவாள். ஓடி வந்தாலும் பரவாயில்லை. அந்த நகரத்தில் சிவப்பு, பச்சை எரியும் சிக்னல்கள் உண்டு, வெறும் அலங்காரத்துக்கு. எந்த வீரனும் அதை ஏறிட்டும் பார்த்ததில்லை. மலையில் சிக்னலே இல்லாத ஊரில் வாழ்ந்தவள், சேலத்தில் பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிவப்புக்கும் நிற்பாள்.

“ஏம்புள்ள, அது பொம்மைக் கார். மோதுனாலும் ஒண்ணும் ஆவாது.”

“ஓட்டறவனுக்குத் தெரியுமாங்க நான் சூப்பர் ஹீரோன்னு?”

குழுவில் மற்ற மூவரும் எங்கேயோ தூரதேசத்தவர்கள். எங்களுக்கு மாலை ஐந்தரை என்றால் அவர்களுக்கு விடிகாலை. மூவரில் மூத்தவர், பனி கொட்டும் ஒரு நாட்டில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய வீரனும் பனிக்கட்டிதான் வீசுவான். ஒவ்வொரு சண்டையும் ஏதாவது ஒரு கட்டடத்தின் கதவைத் திறந்துகொண்டு நுழைவதில்தான் ஆரம்பிக்கும். பறந்து வந்த நாங்கள் கதவருகே நின்று இவளுக்காகக் காத்திருப்போம். முதலில் எரிச்சலோடு. பிறகு அது வழக்கமாகிவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் லாரிக்காரர் காபி போட்டுக்கொண்டு வருவார். இவளோ எழுத்தில்கூட என் பெயரைச் சொல்ல மாட்டாள். “ஏனுங்க, வாரேன், இருங்க” என்று ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டே ஓடி வருவாள். மூவரும் அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு என்னை “ஏனுங்க” என்றே அழைத்தார்கள். நான் திருத்தவில்லை. எட்டடி உயரத்துக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

என் வேலை முன்னால் நின்று அடி வாங்குவது. தோள் அகலத்தில் செலவழித்த கவனத்தை நான் தற்காப்பில் செலவழித்திருக்கவில்லை. அதனால் அடி வாங்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, அடிக்கடி செத்து விழுவேன். விழுந்தவனுக்கு இரண்டு வழிகள். ஆஸ்பத்திரி என்ற பட்டனை அமுக்கினால் நகரத்தின் இன்னொரு மூலையில் உள்ள ஆஸ்பத்திரியில் கண்விழித்து, அங்கிருந்து திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் உயிர் கொடுக்கும் மாத்திரை ஒன்றை யாராவது கொடுத்தாலோ, தானே போட்டுக்கொண்டாலோ அந்த இடத்திலேயே எழுந்துகொள்ளலாம். அந்த மாத்திரை எப்போதாவது கிடைக்கும். கிடைத்ததையெல்லாம் இவள் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எனக்கே கொடுத்தாள். நான் விழுந்தால் அத்தனை தூரத்திலிருந்து ஓடி வந்து, பக்கத்தில் நின்று ஒன்றைக் கொடுப்பாள்.

அவளும் விழுவாள். அப்போது பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து சிக்னல் சிக்னலாக நின்று திரும்பி வருவாள்.

“மாத்திரைதான் அத்தன வெச்சிருக்கியே, நீ ஒண்ணப் போட்டுக்க வேண்டியதுதானே?”

“அது உங்களுக்குங்க. எனக்கென்ன, நான் நடந்து வந்துக்கறேன்.”

ஊரடங்கு முடிந்தது. மகள் போனாள், படிப்பு முடிந்து வேலைக்கும் போனாள். நாங்கள் ஆட்டத்தை விடவில்லை. நெட் கிடைப்பதற்காகப் போனை ஒரு துணிப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருப்போம். மூடுபனி இறங்கினால் நெட் நின்றுவிடும். தூரதேசத்து வீரர்கள் மூவரும் எங்களுக்காகக் கொல்லிமலைப் பனி விலகக் காத்திருப்பார்கள்.

இனி எழுதப்போவதில் என்னைக் கேலி செய்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன். கேலி போதவில்லை.

சென்ற வருடம் அவளுக்கு வயிற்றில் வலி ஆரம்பித்தது. மலையில் பார்த்த டாக்டர் கீழே போய் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். “அடுத்த வாரம் போலாமுங்க, இப்ப பஸ்ஸுல எறங்கினா வாந்தியிலேயே செத்துருவேன்” என்றாள். நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். கார் வைத்து, மெதுவாக ஓட்டச் சொல்லி, வளைவுக்கு வளைவு நிறுத்திக் கூட்டிப் போயிருக்க வேண்டும். நான் சரி என்றேன். அந்த ஆட்டத்தின் கடைசி லெவலுக்கு எங்களுக்கு இரண்டு லெவல்தான் பாக்கி. அடுத்த சனிக்கிழமை ஒரு பெரிய சண்டை இருந்தது. அவள் இல்லாமல் அதை ஜெயிக்க முடியாது. இதை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதில் நினைத்தேன். நினைத்தது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம், அதற்கடுத்த வாரமாயிற்று. சண்டையை ஜெயித்தோம். ஸ்கேன் எடுத்தபோது மருத்துவர் என்னை மட்டும் தனியாக உட்காரச் சொன்னார். முன்பே வந்திருந்தால், என்று கேட்டேன். கொஞ்ச காலம் கூடக் கிடைத்திருக்கலாம் என்றார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக இறங்கியபோது அவளைப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோனோம். அன்று வாந்தி எடுக்கவில்லை. “பாருங்க, பழகிருச்சு” என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து, மகளும் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு மாலை, கை தன்பாட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தது. எங்கே போய்விட்டீர்கள் இரண்டு பேரும் என்று மூவரும் விசாரித்தார்கள். எனக்கு ஆங்கிலத்தில் சாவைச் சொல்ல நாலைந்து விதம் தெரியும். நூலகத்தில் வேறென்ன வேலை? ஒன்றையும் அடிக்க வரவில்லை. அவள் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அடித்தேன்.

“எப்போது வருவார்?” என்று கேட்டார் லாரிக்காரர்.

“வந்துவிடுவாள்.”

அன்று கதவருகே போனோம். நான் உள்ளே போகலாம் என்றேன். யாரும் நகரவில்லை. “வந்துவிடுவார் என்றாயே” என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் காபி போடப் போனார். மறுநாளும் நின்றார்கள். அதற்கு மறுநாளும். ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் நின்றிருக்க மாட்டார்கள். அவர்கள் நிற்க நிற்க, எங்கேயோ கீழே சாலையில் அவள் வந்துகொண்டிருப்பதாக எனக்கும் ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்காக ஒரு மாதம் மூன்று பேரை ஏமாற்றினேன்.

ஒரு மாதத்தில் அவர்களுக்குக் கவலை வந்துவிட்டது. உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டார்கள். அன்று நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவளுடைய லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். கடைசியாக விட்ட இடத்தில், ஒரு சிக்னலுக்கு முன்னால், மஞ்சளும் அரக்குமாக நின்றுகொண்டிருந்தாள். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். மிளகுத் தோட்டக்காரி. கம்ப்யூட்டர் தெரியாதவள்.

“அக்காதானுங்க அது?”

“ஆமா.”

“கொண்டய வெச்சே தெரியுதுங்க.” தட்டை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

இடது கையில் அவள், வலது கையில் நான். கதவுவரை அவளை ஓட்டி வந்தேன். “திரும்பி வந்துவிட்டார்!” என்று மூவரும் குதித்தார்கள். ஆட்டத்தில் குதிக்க ஒரு பட்டன் இருக்கிறது. அவள் கையால் வணக்கம் வைத்தேன். உள்ளே போனோம்.

இரண்டு திரையையும் பார்த்ததில் முதலில் நான் விழுந்தேன். காப்பாற்றப் போன அவளும் விழுந்தாள். பதற்றத்தில் அவளுடைய பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவள் எழுந்து நின்றாள். நான் அவள் காலடியில் செத்துக் கிடந்தேன்.

மற்றவர்கள் எப்படியோ சண்டையை முடித்தார்கள். பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. நெட் போய்விட்டதோ என்று துணிப்பையைப் பார்த்தேன். இல்லை. லாரிக்காரர் அடித்துக்கொண்டிருந்தார், அழித்து அழித்து அடித்திருக்க வேண்டும்.

“ஏனுங்க. இன்று அவர் எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை. மேலிருந்து பார்த்தேன். இப்போது மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டார். அவருக்கு என்ன ஆயிற்று?”

நான் சொன்னேன். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், வயிற்று வலியையும், அடுத்த வாரத்தையும், அந்தச் சனிக்கிழமையையும் சொன்னேன். மகளிடம்கூட நான் சனிக்கிழமையைச் சொன்னதில்லை.

“அந்தச் சனிக்கிழமை நாங்களும்தான் அவரைக் கூப்பிட்டோம்” என்று மட்டும் எழுதினார் லாரிக்காரர். நீ காரணமில்லை என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவரிடம் எனக்கு இன்றும் நன்றி உண்டு.

அவளைத் திரும்பக் கூட்டிப்போய் அதே சிக்னலில் விட்டேன். போகும் வழியில் எல்லாச் சிவப்புக்கும் நின்றேன். மூவரும் பறக்காமல் பின்னால் நடந்து வந்தார்கள். லேப்டாப்பை மூடி, அவளுடைய புடவைகளோடு பீரோவில் வைத்தேன்.

நான் இன்னும் ஆடுகிறேன். என் வீரனின் தற்காப்பை இப்போதும் சரிசெய்யவில்லை. அதே எட்டடி, அதே அங்கி, அதே சாவு. ஆனால் மூவரும் எனக்காக மாத்திரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். விழுந்த இரண்டாவது நொடியே யாராவது பறந்து வந்து எழுப்பிவிடுகிறார்கள். அவள் ஓடி வரும் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட நேரம் கொடுப்பதில்லை.