அம்சவல்லி வீட்டு வயர்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அம்சவல்லியம்மாவுக்கு ஒரு பெயர் உண்டு. சூளையிலிருந்து இறக்கிய சாமானை விரல் முட்டியால் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் கண்டுபிடித்துவிடுவார். இருபது வருடமாக அதுதான் வேலை. ஓரகத்தியிடம் குறை கண்டுபிடிக்க அவருக்குத் தட்டக்கூட வேண்டாம்.

ஓரகத்தி செல்வநாயகி, கணவரின் தம்பி மனைவி. ஒரே காம்பவுண்டில் பக்கத்து வீடு. அம்சவல்லி வேலைக்குப் போன காலத்தில் அவர் மகன் பிரவீன்குமாருக்குச் சோறூட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் செல்வநாயகிதான். அவருக்குப் பிள்ளை இல்லை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அம்சவல்லிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? காய்ச்சல் வந்தால்கூட அந்தப் பிள்ளை சித்தியைத்தான் தேடுவான்.

2008இல் பிரவீன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். போகுமுன் இரண்டு வீட்டிலும் கம்ப்யூட்டரும் கேமராவும் வைத்துவிட்டுப் போனான். போன் லைன் சித்தி வீட்டில் இருந்ததால் மோடமும் அங்கே. அங்கிருந்து சுவர் ஏறி அம்சவல்லி வீட்டுக்கு ஒரு வயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடம் பேசுவான். இரண்டாவது நிமிடம் படம் அப்படியே நின்றுவிடும். அம்சவல்லி வீட்டைப் பூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினால், அங்கே அதே பிள்ளை சித்தியோடு பளிச்சென்று சிரித்துக்கொண்டிருப்பான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என்னிடம் வந்தார்.

“ஜெயராஜ் தம்பி, லைனு பூரா அவ வூட்டு பொட்டியே குடிச்சிடுது. வேணும்னே பண்றா. பெத்தவ புள்ள மூஞ்சியப் பாக்கக் கூடாதாம்.”

போய்ப் பார்த்தேன். செல்வநாயகி தன் கம்ப்யூட்டரை நிறுத்திக் காட்டினார். மோடத்தின் விளக்கு அப்போதும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சுவர் ஏறிப் போகும் வயரைப் பிடுங்கினேன். அடங்கிவிட்டது.

அம்சவல்லி வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாட்டு இறக்குவதற்காகப் பிரவீன் எப்போதோ போட்ட புரோகிராம். இன்டர்நெட்டில் யார் கேட்டாலும் இங்கிருக்கும் பாட்டை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி சாம்பார் கொடுக்க மனம் வராதவர் வீட்டில் இப்படி ஒரு தர்மம்.

“பக்கத்து வூட்டுக்குப் போறப்ப இத நிறுத்திட்டுப் போவீங்களாம்மா?”

“மெயினையே அணைச்சிட்டுத்தான் பூட்டுவேன். கரண்டு ஏறி எரிஞ்சிட்டா யாரு பதில் சொல்றது?”

“அதனாலதான் நீங்க அங்க போறப்பல்லாம் படம் நல்லா இருந்துச்சு. லைனக் குடிச்சது உங்க பொட்டிதான்.”

முகம் சுண்டிவிட்டது. புரோகிராமை நிறுத்திவிட்டு எழுந்தேன். அம்சவல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவகிட்ட வயர எலி கடிச்சிடுச்சின்னு சொல்லிடுங்க தம்பி” என்றார். சொன்னேன். செல்வநாயகி நம்பினாரோ இல்லையோ, எனக்குக் காபி கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து அம்சவல்லி மறுபடி கடைக்கு வந்தார்.

“படம் நிக்குதாம்மா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்குது. சாப்டியா, நல்லா இருக்கியாங்குறான். பத்து நிமிஷம். அப்பறம் சித்திகிட்ட பேசணும்மா, வைக்கிறேங்குறான். அங்க ஒரு மணி நேரம். சுவத்துக்கு அந்தாண்ட சிரிக்கிறது கேக்குது. முன்னயாச்சும் லைனு கெட்டுப்போச்சுன்னு அங்க போயி உக்காந்திருப்பேன். இப்ப என்னான்னு சொல்லிப் போறது?”

“சும்மா போங்கம்மா. அவங்க வேணாம்னா சொல்லப் போறாங்க?”

“அவ சொல்ல மாட்டா. வாங்கக்கான்னு நாற்காலி போடுவா. அதான் எனக்குத் தாங்கல.”

பையிலிருந்து பேனாவும் தினசரிக் காலண்டர்த் தாள் ஒன்றும் எடுத்து மேசையில் வைத்தார்.

“அந்தப் பாட்டு புரோகிராம எப்படித் திரும்ப ஓட வைக்கிறதுன்னு எழுதிக் குடுங்க தம்பி. எனக்குப் பத்து நிமிஷம் முடிஞ்சு, அவன் அவகிட்ட பேச ஆரம்பிச்சப்புறம் போட்டுக்குறேன்.”