கனடாவிலிருந்து வந்த போத்தல்

இது நடந்து எட்டு வருடங்கள் இருக்கும். கொரோனா வருவதற்கு முந்திய ஒரு வைகாசி மாதம். பாரிஸில் லா சப்பலில் ஒரு சிற்றுண்டிக் கடையின் சமையலறையில் அப்போது வேலை செய்தேன். வீடு பாரிஸுக்கு வெளியே சார்செலில். விடிய ரயில் எடுத்து கார் து நோரில் இறங்கி, படி ஏறி மேலே வந்தால் பத்து நிமிட நடைதான். பூக்கடையைத் திறந்து தண்ணீர் தெளிக்கும் வாசமும், பக்கத்து பேக்கரியின் பாண் வாசமும் ஒன்றாக வரும். அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் மனதுக்கு இதமாக இருக்கிறது.

என் வேலை, ரொட்டிக்குள் கறி வைத்துப் பொரிக்கிற றோல்ஸ் சுற்றுவது. கதைக்க வராது எனக்கு, கை மட்டும் வேகமாக ஓடும். ஆனால் அந்த வருடம் கையும் ஓய்ந்துபோனது. ஒரு தட்டு சுற்றி முடிப்பதற்குள் கதிரையைத் தேடுவேன். படி ஏறும்போது நடுவில் நின்று, யாருக்கோ காத்திருப்பவள் போல ஃபோனைப் பார்ப்பேன். உடம்பு ஊதிக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே குளிர். எண்ணெய் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் சுவெற்றர் போட்டுக்கொண்டு நின்றது அந்தச் சமையலறையில் நான் ஒருத்திதான்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் இன்னும் மார்கழி முடியேல்லைப் போல" என்று தலைமைச் சமையல்காரர் பகிடி பண்ணுவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். சிரிப்பேன். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. ஒருநாள் என் தட்டில் இருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். அது எனக்குப் பயமாக இருந்தது.

தலைமயிரும் கொட்டியது. சீப்பை எடுக்கவே மனம் வராது. அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து மச்சாள், என் கணவரின் தங்கை, ஒரு கலியாணத்துக்கு வந்தா. கனடாவிலிருந்து வருகிறவர்கள் வெறும் கையோடு வருவதில்லை என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். சொக்கிலேற், நோவெண்ணெய், பிறகு பெரிய பெரிய விற்றமின் போத்தல்கள். வந்த வீடுகளுக்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது தலைமயிருக்கான குளிசைப் போத்தல். "அங்கை எல்லாரும் இதுதான் போடினம் அண்ணி. ரெண்டு மாசத்திலை பாருங்கோ" என்றா. நாளுக்கு ஒன்று என்று போத்தலில் இருந்தது. கொட்டுகிற வேகத்துக்கு ஒன்று போதாது என்று நான் இரண்டு போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பரிசாக வந்த சாமானைப் பற்றி யாரிடம் கேட்பது?

களைப்பு மட்டும் குறையவில்லை. கடைசியில் கணவர் என்னை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டொக்டர் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர். கழுத்தைத் தடவிப் பார்த்தார். தைரொயிட் சுரப்பியில் பிழை இருக்கலாம், இரத்தம் சோதித்தால்தான் தெரியும் என்று எழுதித் தந்தார்.

லபோ என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்த இரத்தப் பரிசோதனை நிலையம் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. காலை ஏழு மணிக்கே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கறுப்பர்கள், அரபுக்காரர்கள், எங்கள் ஆட்கள், பிரெஞ்சுக் கிழவிகள், எல்லோரும் வெறும் வயிற்றோடு, ஒரே மாதிரிச் சோர்ந்த முகத்தோடு. பசியில் எல்லோரும் ஒரே சாதி என்று எனக்கு அங்கே நின்றபோது தோன்றியது.

இங்கே என் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லவேண்டும். எனக்குப் பிரெஞ்சு விளங்கும், பேச வராது. யாராவது கேள்வி கேட்டால் "நோ(ன்)" என்று சொல்லிவிடுவேன். இருபது வருட அனுபவத்தில் கண்டுபிடித்தது இது. "ஓம்" என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும். "இல்லை" என்றால் விட்டுவிடுவார்கள். டொக்டரிடமும் லபோவிலும் அப்படித்தான் செய்தேன். சாப்பிட்டீங்களா? இல்லை. வேறு வருத்தம் இருக்கா? இல்லை. ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா? இல்லை. அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றம் வேறு.

இரத்தம் எடுத்தது ஒரு மாநிறமான பெண். ஐம்பத்தைந்து வயது இருக்கும், காதோரம் நரை, கண்ணாடி. பிரெஞ்சை இந்த ஊர்க்காரி போலவே பேசினா. பிரான்ஸுக்குச் சொந்தமான றெயூனியோன் தீவு ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வலிக்காமல் குத்தினா. நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுமொழி வந்தபோது டொக்டர் தாளை இரண்டு தரம் படித்தார். என் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேகமாக ஓடுகிறதாம். என்னைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். வேகமாக ஓடினால் ஆள் மெலிய வேண்டும், வேர்க்க வேண்டும், நெஞ்சு படபடக்க வேண்டும் என்றார். எனக்கோ எல்லாம் எதிர்மாறு. அவருக்கும் குழப்பம். "இன்னொரு தரம் சோதிப்போம், இதே மாதிரி வந்தால் வேகத்தைக் குறைக்கிற குளிசை தொடங்கலாம்" என்று முடிவெடுத்தார். அதற்கும் அடங்காவிட்டால் சுரப்பியையே செயலிழக்கச் செய்யும் வைத்தியமும் இருக்கிறது என்று விளக்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வசனம்தான் காதில் நின்றது. படி ஏற முடியாத எனக்குள்ளே என்ன அப்படி வேகமாக ஓடுகிறது? ஆனால் தாள் சொல்கிறது, நான் யார் மறுத்துச் சொல்ல?

அடுத்த கிழமை திரும்பவும் லபோ. அதே பெண். கையைப் பிடித்து றப்பர் பட்டியைக் கட்டினவ, கட்டிவிட்டு விடவில்லை. என் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துப் பார்த்தா. வெளியே நல்ல வெயில், என் விரல்கள் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி இருந்திருக்கும். தோல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மணிக்கட்டில் நாடி பிடித்தா. முன்னுக்கு இருந்த தாளை வாசித்தா. பிறகு பிரெஞ்சில் கேட்டா, மருந்து எடுக்கிறீங்களா என்று. நோ(ன்). விற்றமின் ஏதாவது? அது காதில் விழும் முன்னமே, நோ(ன்).

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தமிழில் கேட்டா.

"ஏம்மா, எல்லாத்துக்கும் நோன்னே சொல்றீங்களே, உங்க பேரைக் கேட்டாலும் நோன்னுதான் சொல்வீங்களா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். "நீங்கள் தமிழோ?"

"பாண்டிச்சேரி. சின்ன வயசுலேயே வந்துட்டோம். நீங்க நிமிர்ந்து பார்த்திருந்தா போன வாரமே பேசியிருப்பேன்."

வெட்கமாகிவிட்டது. அவ விடவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று திரும்பவும் கேட்டா. ஒண்டும் இல்லை என்றேன்.

"சரி, மாத்திரையை விடுங்க. காலைல எழுந்ததுலேர்ந்து வாயில என்னென்ன போடுறீங்க? வரிசையா சொல்லுங்க, கேக்குறேன்."

தமிழில் கேட்டதால் எனக்கும் வாய் திறந்தது. முதலில் சுடுதண்ணி. பிறகு, இரத்தம் கொடுக்காத நாள் என்றால், தேத்தண்ணி, இரண்டு பிஸ்கற். பிறகு மச்சாள் தந்த தலைமயிர்க் குளிசை இரண்டு. ரயிலுக்குப் போகமுதல்...

"நிறுத்துங்க" என்றா. கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தா. "இன்னிக்கும் போட்டீங்களா?"

"ஓம்."

"அது மாத்திரை இல்லையா?"

"அது மச்சாள் தந்தது" என்றேன்.

அவ என்னையே பார்த்தா. கோபம் என்று நினைத்துக் கையைச் சுருக்கினேன். ஆனால் அவவின் தோள் குலுங்கியது, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறா. "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்று சொல்லிக்கொண்டே றப்பர் பட்டியை அவிழ்த்துவிட்டு உள்ளே போனா.

அவவோடு லபோவின் பொறுப்பாளர் வந்தார், வெள்ளைக் கோட்டு, இளம் வயது. போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்கெங்கே தெரியும்? வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். அன்று பள்ளிக்கூடம் இல்லாததால் மகள் இருந்தாள். நித்திரைக் குரலில், பிரெஞ்சிலேயே அவருக்கு ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னாள். பயோட்டின் என்ற சொல் வந்ததும் அவர் தலையாட்டினார்.

அந்தப் பாண்டிச்சேரி அக்கா எனக்கு விளங்கப்படுத்தினா. தலைமயிருக்காகப் போடும் அந்த விற்றமினை, தைரொயிட் அளக்கும் சில பரிசோதனைகளிலேயே பசை மாதிரிப் பயன்படுத்துகிறார்களாம். இரத்தத்துக்குள் அது நிறைய இருந்தால் மெஷின் குழம்பி, கூட இருப்பதைக் குறைவாகவும் குறைவாக இருப்பதைக் கூடவாகவும் காட்டிவிடுமாம். "மெஷின் மேல தப்பில்ல. அதுக்கு உங்க மச்சாளைத் தெரியாதில்ல?" என்றா. அன்று இரத்தம் எடுக்கவில்லை. அந்தக் குளிசையை நிறுத்தி ஒரு கிழமை கழித்து வரச் சொன்னார்கள். பொறுப்பாளர் என் முன்னாலேயே டொக்டருக்கு ஃபோன் எடுத்துப் பேசினார்.

அந்த ஒரு கிழமை எனக்கு நித்திரை இல்லை. வேகத்தைக் குறைக்கும் குளிசை, சுரப்பியைச் செயலிழக்கச் செய்யும் வைத்தியம், எல்லாம் இன்னும் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. இடையில் மச்சாள் கனடாவிலிருந்து ஃபோன் எடுத்து, "அண்ணி, குளிசை வேலை செய்யுதோ?" என்று கேட்டா. "ஓம் ஓம், நல்லா வேலை செய்யுது" என்றேன். பக்கத்தில் நின்ற கணவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

இரண்டாவது தாள் வந்தது. முதல் தாளுக்கு முழுக்க எதிர். என் சுரப்பி ஓடவே இல்லை, கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. கூடச் செய்த இன்னொரு சோதனையில் காரணமும் தெரிந்தது. கிருமியை எதிர்க்கவேண்டிய என் உடம்பின் காவலே, ஆள் தெரியாமல் என் சுரப்பியைத் தாக்கிக்கொண்டிருந்ததாம். டொக்டர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஏற்கெனவே மெதுவாகிப்போன சுரப்பிக்கு, அதை இன்னும் மெதுவாக்கும் மருந்தைத் தரப் பார்த்தேனே என்று மெல்லச் சொன்னார். நான் "இல்லை" என்று சொன்னதைத் தானும் இன்னொரு தரம் கேட்டிருக்கவேண்டும் என்றார். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர் என்னிடம் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிழை என்னுடையது என்று சொல்ல நினைத்தேன், பிரெஞ்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று தொடங்கிய சின்னக் குளிசையை இன்றும் தேத்தண்ணிக்கு முன்னம், வெறும் வயிற்றில் போடுகிறேன். மூன்று மாதத்தில் விரல்களுக்குச் சூடு திரும்பியது. ஆவணியில் ஒருநாள், அடுப்புக்குப் பக்கத்தில் சுவெற்றர் இல்லாமல் நின்று வேர்வையைத் துடைத்தேன். "அப்பாடா, அக்காவுக்கும் கோடை வந்திட்டுது" என்றார் தலைமைச் சமையல்காரர். முதலாளி அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் அடுக்குவதற்கு இன்னும் இரண்டு தட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருதரம் இரத்தம் கொடுக்கப் போவேன். ஊசிக்குப் பயந்த நான், அந்த நாட்களை எதிர்பார்க்கத் தொடங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. அந்தச் சின்ன அறையில் எங்கள் இருவருக்கும் நாலு நிமிடம் கிடைக்கும். என்னைவிட மூத்தவ என்னை அம்மா என்பா, நான் அக்கா என்பேன். "வாயில என்னென்ன போட்டீங்க, சொல்லுங்க" என்றுதான் தொடங்குவா. நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவிப்பேன். ஒரு தரம் வெந்தயம் ஊறவைத்த தண்ணீரையும் சேர்த்துச் சொன்னேன். "அடடே, தேறிட்டீங்க" என்றா. நான் கட்டிக்கொண்டு போகும் றோல்ஸை, இதெல்லாம் வாங்கக் கூடாது என்று சொல்லியபடியே தன் கைப்பைக்குள் வைப்பா. அவவின் தமிழுக்கு என் தமிழும், என் தமிழுக்கு அவவின் தமிழும் கொஞ்சம் வேடிக்கை. "குளிசை"ன்னா குளிக்கிற சாமான்னு நெனச்சேன் என்று அவ ஒருநாள் சொல்ல, இரத்தம் நிறையும் குழாயோடு இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு அவ ஓய்வுபெற்று, தெற்கே மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டா. லபோவும் இடம் மாறி, பெரியதாகி, கண்ணாடிக் கதவெல்லாம் போட்டாயிற்று. மறுமொழி இப்போது ஃபோனுக்கே வந்துவிடுகிறது, நான் இரகசிய எண்ணைப் போட்டுத் திறக்குமுன் மகள் வேலை இடத்திலிருந்து பார்த்துச் சொல்லிவிடுவாள். இரத்தம் எடுக்கும் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய தெருவால் போகும்போது நடை தானாகக் குறையும். கடைசி நாள் அவவிடம் ஒழுங்காக நன்றி கூடச் சொல்லவில்லை. வழக்கம் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

என் "இல்லை"யோடு அவவும் விட்டிருக்கலாம், வாசலில் அவ்வளவு பேர் பசியோடு நின்றார்கள். இன்றைக்கு யாராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்டால், பிரெஞ்சு எவ்வளவு பிழையாக வந்தாலும், முழுப் பதிலையும் சொல்லிவிட்டுத்தான் எழும்புகிறேன். பிறவியிலேயே கூச்சக்காரியான எனக்கு அந்த அக்கா தந்துவிட்டுப் போன மருந்து அதுதான் என்று நினைக்கிறேன்.